மூன்று முட்டை குறைந்த நாள்

கேசரி வாடை எனக்கு இப்போது ஆகாது. கல்யாண வீட்டில் இலையில் வைத்தால் ஓரமாக ஒதுக்கிவிடுவேன். பரிமாறுகிறவர்கள் சர்க்கரை வியாதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் தலையாட்டிவிடுவேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. அந்த நெய்யும் ஏலக்காயும் சேர்ந்த வாடை மூக்கில் ஏறினால் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவும், பாராட்டுப் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஒரு மனுஷரும், கடைசி வரிசையில் விரலை நக்கிக்கொண்டிருக்கிற ஒரு பெண் பிள்ளையும் கண் முன்னால் வந்துவிடுவார்கள்.

அரியலூருக்குப் பக்கத்தில், சிமெண்ட் லாரி போகிற ரோட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஊர்த் தொடக்கப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் சத்துணவு சமைத்தேன். போன வருஷம்தான் வயதாகிவிட்டது என்று அனுப்பினார்கள். எனக்கு ஆட்கள் முன்னால் பேச்சு வராது. பெரம்பலூர்ப் பக்கம் பிறந்த ஊரில் அஞ்சாவது வரை படித்தேன். அப்போதே வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் பாவாடையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தும் அது போகவில்லை. தலைமையாசிரியர் ஏதாவது கேட்டால் கதவுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டுதான் பதில் சொல்வேன். சமையல் வேலை எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். குழம்பு நம்மைக் கேள்வி கேட்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் இரண்டே ஆசிரியர்கள். சின்ன வகுப்புகளுக்கு ஒரு டீச்சர். நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் தலைமையாசிரியர். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். பிள்ளைகளை அடிக்க மாட்டார். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தன் வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். என்னை ஒருமையில் கூப்பிட்டது இல்லை, "ஆயாம்மா" என்றுதான் சொல்வார். இதையெல்லாம் எழுதாமல் விட்டால் மீதியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

நான் சமைத்த கடைசி வருஷம் அஞ்சாவது பிள்ளைகளுக்கு அடைவுத் தேர்வு என்று ஒன்று வரப்போவதாகத் தீபாவளிக்குப் பிறகு பேச்சு ஆரம்பித்தது. கேள்வித்தாள் மேலிடத்திலிருந்து வரும். நடத்துவதற்கும் வெளியாள் வருவார். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு வட்டம். சரியான விடைக்கு உள்ள வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக அடைக்க வேண்டும். மெஷின்தான் திருத்துமாம். அதில் வருகிற மார்க்கை வைத்து எந்தப் பள்ளிக்கூடம் மேலே, எந்தப் பள்ளிக்கூடம் கீழே என்று வரிசை போடுவார்கள்.

ஒருநாள் டவுனில் மீட்டிங் போய்விட்டு வந்த சார், தண்ணீர் குடிக்கச் சமையல்கூடத்துக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"எல்லாரையும் உக்கார வெச்சுட்டு என்னை மட்டும் எழுந்து நிக்கச் சொல்லிட்டாங்க, ஆயாம்மா. போன தடவ நம்ம ஸ்கூல் கடைசியிலேருந்து மூணாவதாம். எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க. நான் என்ன திருடிட்டா வந்தேன்?"

எனக்குப் பாவமாக இருந்தது. இன்னொரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அன்றைக்கு அப்படிப் பாவப்பட்டதை நினைத்தால் இப்போது கசக்கிறது.

மறுநாளிலிருந்து பாடம் எல்லாம் வட்டம் அடைக்கிற பாடமாகிவிட்டது. சார் தன் கைக்காசில் மாதிரித் தாள் எடுத்துவந்து தினம் ஒன்று கொடுப்பார். அஞ்சாவதில் பதினோரு பிள்ளைகள். அதில் ஒரு பெண் பிள்ளையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவளுடைய அம்மா செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிறவள். அப்பா இல்லை. ஒரு தம்பி, நடை பழகுகிற வயது. இடையில் ஒரு வருஷம் அம்மாவோடு வெளியூர்ச் சூளையில் இருந்துவிட்டதால் படிப்பு விட்டுப்போய், மறுபடி வந்து சேர்ந்தவள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். மெதுவாக வாசிப்பாள். தட்டுக் கழுவ வரும்போதெல்லாம் என் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு பேசுவாள்.

"ஆயா, எங்கம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? இந்தப் பரீட்ச நல்லா எழுதுனாத்தான் ஆறாவதுக்கு அனுப்புவேங்குது. இல்லாட்டி சூளைக்கு வந்து தம்பியப் பாத்துக்கணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"எழுதுறேன்னேன். வேற என்ன சொல்றது?"

பெற்றோர் கூட்டத்தில் சார்தான் அப்படிப் பேசிவைத்திருந்தார். இது கவர்ன்மெண்டே பார்க்கிற பெரிய பரீட்சை, பிள்ளையின் தரம் இதில் தெரிந்துவிடும் என்று. அந்த அம்மாவுக்குப் படிப்பு கிடையாது. படித்தவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். ஆறாவதுக்குப் பக்கத்து ஊருக்கு பஸ்ஸில் போக வேண்டும். சும்மா அனுப்பிக் கெடுத்துக்கொள்ள அவளால் முடியாது. இதில் நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

சமையல்கூடத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையில் வருகை எடுத்ததும் சார் ஒரு துண்டுச் சீட்டில் எண்ணிக்கை எழுதி அனுப்புவார். அதைப் பார்த்துத்தான் அரிசி அளப்பேன், முட்டை எடுப்பேன். அரிசியில் ஒரு பிடி கூடலாம், குறையலாம். முட்டையில் அது நடக்காது. அட்டையில் மீதி எத்தனை என்று யார் வந்து எண்ணினாலும் ரெஜிஸ்டரோடு ஒத்துப்போக வேண்டும். இருபது வருஷத்தில் ஒரு முட்டைகூட நான் கணக்குத் தப்பவிட்டது இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தேர்வு அன்று வந்த சீட்டில் மூன்று குறைந்திருந்தது. யாரோ வரவில்லை என்று நினைத்து, அந்தக் கணக்குக்கே முட்டையை எடுத்து உலையில் போட்டேன். அது வெந்துகொண்டிருக்கும்போதே சார் மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருத்தி சூளைக்காரி மகள். மற்ற இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், அக்கா தங்கை. அதில் ஒன்றுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"ஆயாம்மா, இதுங்க மதியம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். வெளிய விடாதீங்க. நேத்தே மூணு பேரையும் லீவு போடுங்கன்னு சொல்லியிருந்தேன். கேக்காம வந்துருச்சுங்க."

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பரீட்ச எழுதலைங்களா சார்?" என்றேன்.

"இதுங்க எழுதுனா ஸ்கூல் ஆவரேஜ் கீழ போயிரும். யாராச்சும் கேட்டா உங்க வூட்டுப் புள்ளைங்கன்னு சொல்லிருங்க."

சொல்லிவிட்டு மூன்று பிள்ளைகளின் தலையையும் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். தடவிக்கொடுத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

சூளைக்காரி மகள் தலையில் எண்ணெய் வழிய வாரி, ரிப்பன் கட்டி வந்திருந்தாள். கையில் கறுப்புப் பேனா, மூடிகூடக் கழற்றாதது. தேர்வுக்கென்று அவள் அம்மா வாங்கிக் கொடுத்தது. இரட்டைப் பிள்ளைகளுக்குப் பரீட்சை இல்லை என்றதில் சந்தோஷம். அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு ஒன்றை ஒன்று கிள்ளிச் சிரித்தன. இவள் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயா, லேட்டா போனா உடுவாங்களா?"

"தெரியலையேடி."

"கேட்டுப் பாக்குறீங்களா?"

நான் குழம்பைக் கிண்டினேன். கிண்ட வேண்டிய அவசியம் அந்தக் குழம்புக்கு இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து முட்டை ஞாபகம் வந்தது. வெந்துகொண்டிருப்பதில் மூன்று குறைகிறது. வராந்தா வரை போய், தூணோரம் நின்று, சார் வெளியே வந்தபோது கேட்டேன். அந்த மூன்று பிள்ளைகளுக்காக அன்றைக்கு நான் வாயைத் திறந்தது இதற்கு மட்டும்தான்.

"சார், மூணு முட்ட கூடப் போட்டுறட்டுங்களா?"

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வருகையிலயே இல்லாத புள்ளைங்களுக்கு முட்ட எப்படிங்க போடுறது? நாளைக்கு எண்ணுனா நீங்கதான மாட்டுவீங்க?"

எனக்காகத்தான் சொல்கிறாராம். நான் திரும்பி வந்துவிட்டேன். அட்டையில் எத்தனையோ முட்டை இருந்தது. இருபது வருஷப் பெருமை கையைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு மூன்று பிள்ளைகளும் வெறும் குழம்பு ஊற்றித்தான் சாப்பிட்டார்கள். இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி, "எங்களுக்கு முட்ட எங்க?" என்று கேட்டாள். தீர்ந்துபோச்சு என்றேன். அட்டை அவள் தலைக்கு மேலே அலமாரியில் இருந்தது.

அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தேர்வு நடத்த வந்த பெண் கை கழுவ வந்தாள். காலேஜில் வாத்தியார் படிப்பு படிக்கிற பிள்ளை, இருபது வயதுதான் இருக்கும். பின்னாலேயே சாரும் வந்துவிட்டார். அந்தப் பெண் மூன்று பேரையும் பார்த்தாள்.

"இவங்க அஞ்சாவது இல்லைங்களா? பாத்தா அந்த வயசு மாதிரி இருக்கே."

சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எங்க வூட்டுப் புள்ளைங்க" என்றேன்.

அந்தப் பெண் குனிந்து, சூளைக்காரி மகளிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள். "நீ எந்த ஸ்கூல் பாப்பா? என்ன படிக்கிற?"

அவள் சோற்றுக் கையோடு என் முகத்தைப் பார்த்தாள். சாரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நான் படிக்கலைங்க."

நான் சொன்ன பொய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று சொன்னாள். பதினோரு வயது. எனக்கு அப்போது வந்தது அழுகை இல்லை. ஒரு பாத்திரத்தை மூடியே வைத்து நாலு நாள் கழித்துத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி ஒரு நாற்றம் என்மேலேயே அடித்தது.

அதற்குப் பிறகு அவள் என் ஜன்னலுக்கு வரவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டு நேராகப் போய்விடுவாள்.

வெயில் காலம் தொடங்கின பிறகு ரிசல்ட் வந்தது. எங்கள் பள்ளிக்கூடம் ஒன்றியத்தில் முதலாவது. கடைசியிலிருந்து மூன்றாவதாக இருந்தது முதலாவதாக வந்தால் யாராவது ஏன் என்று கேட்க வேண்டாமா? யாரும் கேட்கவில்லை. ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். என்னை முப்பது பேருக்குக் கேசரி கிண்டச் சொன்னார்கள். பிறகு ஊர்க்காரர்களும் வருகிறார்கள் என்று அறுபதாக்கச் சொன்னார்கள். ரவையை வறுத்துக்கொண்டே வராந்தாவில் அந்த அதிகாரி பேசியதைக் கேட்டேன்.

"இந்தப் பள்ளியில் ஒரு குழந்தைகூடப் பின்தங்கவில்லை. அதுதான் இதன் சிறப்பு."

கை தட்டினார்கள். சார் பத்திரத்தை வாங்கிப் போட்டோவுக்கு நின்றார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை. நிஜமாகவே கலங்கினார். அருவருப்பு எனக்கு அதில்தான் அதிகம். திருடுகிறவனுக்குத் திருடுகிறோம் என்று தெரியும். இவர் அன்றைக்குத் தான் சொல்லிக்கொடுத்த படிப்புக்குக் கிடைத்த பலன் இது என்று மனசார நம்பிக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசைக்குக் கேசரி கொண்டுபோனேன். சூளைக்காரி மகள் மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. தின்றுவிட்டு விரலை நக்கினாள். "தம்பிக்குக் கொஞ்சம் தாங்க ஆயா" என்று இன்னொரு இலைத் துண்டை நீட்டினாள். வைத்தேன். எனக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை.

எல்லாரும் போன பிறகு சார் அஞ்சாவது அறையிலிருந்து மாதிரித் தாள்களைக் கட்டுக் கட்டாக எடுத்துவந்து சமையல்கூடத்து வாசலில் போட்டார். "இனிமே இது எதுக்கு? கொளுத்திருங்க ஆயாம்மா."

கட்டை அவிழ்த்தேன். தாளுக்கு மேலே பிள்ளைகள் பெயர் எழுதியிருந்தார்கள். எட்டுப் பிள்ளைகள் தாளில் சிவப்பு மை ஓடியிருந்தது. டிக், பெருக்கல் குறி, கடைசியில் மார்க். மூன்று பிள்ளைகள் தாளில் ஒன்றுமே இல்லை. ஒரு தாளில் இல்லையென்றால் மறந்துவிட்டார் என்று சொல்லலாம். அத்தனை மாசத்துத் தாளிலும் இல்லை. தினம் எழுதி வாங்கியிருக்கிறார், ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. முதல் நாளே அந்த மூன்று பேரையும் கழித்துவிட்டார். அவள் தினம் வட்டம் வட்டமாக அடைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

எனக்குத் திருத்தத் தெரியாது. அஞ்சாவது வரை படித்தவள் என்றாலும் இந்தக் கேள்விகள் எனக்கு எட்டவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. எல்லாருக்கும் ஒரே கேள்வி. வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளையின் தாள் இருந்தது, அத்தனைக்கும் டிக் போட்டு. அதே நாள் இவள் எழுதிய தாளையும் எடுத்தேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். தாள் மெல்லியது. வட்டம் வட்டத்தின்மேல் போய் உட்கார்ந்தது. இருபத்தைந்தில் நாலே நாலு இடத்தில்தான் விலகி நின்றது. வேறொரு நாள் தாளை வைத்துப் பார்த்தேன். அதில் அஞ்சு விலகியது. இன்னொன்றில் மூன்று.

மற்றதையெல்லாம் கொளுத்திவிட்டு, முதலில் பார்த்த அந்த இரண்டு தாளை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவுக்கு அதுவரை நான் போனது இல்லை. அம்மா அப்போதுதான் சூளையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லவில்லை.

"வாங்க பெரியம்மா. எம் மவள உங்க வூட்டுப் புள்ளைன்னு சொன்னீங்களாம்ல. கூட்டிட்டுப் போக வந்தீங்களா? வெச்சுக்குங்க. எனக்கு ஒரு வயித்துச் சோறு மிச்சம்."

இடுப்பிலிருந்து தாளை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சூரியன் இருந்த பக்கம் பிடித்துக் காட்டினேன்.

"என்ன இது?"

"கீழ இருக்கறது மொத மார்க் வாங்குற புள்ள எழுதுனது. மேல இருக்கறது உம் மவ எழுதுனது. கறுப்பு எங்கங்க ஒண்ணுமேல ஒண்ணு உக்காருதோ, அங்கல்லாம் உம் மவ சரியா எழுதியிருக்குது."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். எழுத்துத் தெரியாதவள்தான். வட்டம் தெரியாதா? விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இத அந்த வாத்தியாரு பாத்தாரா?"

"பாக்கல."

"நீங்க?"

"இன்னிக்குத்தான் பாத்தேன்."

அவள் ஒரு பக்கமாகத் திரும்பிக் காறித் துப்பினாள். என்மேல் துப்பவில்லை. ஆனால் வேறு யாருக்கென்றும் என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. பிறகு சொன்னாள். "ஆறாவதுல சேக்க நாளைக்கு டி.சி. வாங்க வரேன். நீங்களும் அந்த ரூமுல வந்து நிக்கணும். கதவுக்குப் பின்னால இல்ல."

மறுநாள் சூளைக்குப் போகாமல் வந்தாள். மகளும் கூட வந்தாள். நான் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குள் போய் நின்றேன். இருபது வருஷத்தில் உள்ளே போய் நின்றது அன்றைக்குத்தான். அவள் இரண்டு தாளையும் மேசைமேல் வைத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். சார் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாப் படிக்கிற புள்ளைதாம்மா. எனக்குத் தெரியாதா? பாவம், அன்னைக்கு உடம்புக்கு முடியாம வரல. வந்திருந்தா இது பேரும் வந்திருக்கும்."

சொல்லிக்கொண்டே வருகைப் பதிவேட்டை எடுத்து, அந்த மாதத்துப் பக்கத்தைத் திருப்பி, அவள் பெயருக்கு நேரே விரலை வைத்தார். "பாருங்க. லீவு."

அந்த அம்மா பதிவேட்டைப் பார்த்தாள். அது அவளால் வாசிக்க முடியாத சங்கதி. அவள் மகள் அதை வாசித்தாள். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். சமையல்கூடத்தில் சோற்றுக் கையோடு பார்த்த அதே பார்வை.

"வந்துச்சு சார்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல இருந்தது. "வந்துச்சு. மூணு பேரும் வந்துச்சுங்க. அன்னைக்கு மூணு முட்ட கொறைச்சோம். நான்தான் கொறைச்சேன்."

வெளியே லாரி ஒன்று போனது. சார் பதிவேட்டை மூடினார். டி.சி. புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடிக்கிற வரை நிமிரவில்லை. கையெழுத்துப் போட்டுக் கிழித்து அந்த அம்மாவிடம் கொடுத்தார். "அடுப்பு எரியுதா ஆயாம்மா, பாத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. இரட்டைப் பிள்ளைகளுக்காகக் கேட்க அன்றைக்கு யாரும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. அவர்கள் தாளையெல்லாம் முந்தின நாளே கொளுத்திவிட்டேனே. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பாராட்டுப் பத்திரம் சட்டம் போட்டு இன்னும் அந்த அறையில் தொங்குகிறது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் இப்போது தேர்வு நாளில் பிள்ளைகள் குறைகிறார்களாம். சமையல் செய்கிற பெண்கள் சொல்கிறார்கள்.

அவள் ஆறாவது போகிறாள். காலை பஸ்ஸுக்கு ரோட்டோரம் நிற்பாள், சிமெண்ட் தூசிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு. பால் வாங்கப் போகும்போது பார்ப்பேன். அவளும் பார்ப்பாள். ஒரு நாள் மட்டும் பக்கத்தில் வந்து, "ஆயா, அங்கயும் முட்ட போடுறாங்க" என்றாள். சரி என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.